குஷிரோவில் ஒரே பகல்: கொக்கு, ஈரநிலம், ஐனு கிராமம் மூன்றும் முடியுமா?

கடலோடி கேட்டது:
செப்டம்பர் கடைசியில் எங்கள் கப்பல் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள குஷிரோ துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கிறது. காலை 8 மணிக்குக் கரை சேரும், மாலை 4.30-க்குள் திரும்பிவிட வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் இடம் இல்லை. உச்சந்தலை சிவந்த அந்தக் கொக்கு, ஈரநிலம், அகான் ஏரிக்கரையில் ஐனு பழங்குடிகளின் கிராமம் மூன்றையும் சொந்தமாகப் போய்ப் பார்க்க வழி உண்டா? நால்வர் வருகிறோம். இருவர் சைவம்.

நாணல்காடு:
மூன்றும் சேராது. கொக்கும் ஐனு கிராமமும், இல்லையென்றால் கொக்கும் ஈரநிலமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பனிவெளியில் நூற்றுக்கணக்கில் தன்ச்சோ (நீங்கள் சொன்ன உச்சந்தலை சிவந்த அதே கொக்கு) ஆடும் படங்களை நம்பிப் போகாதீர்கள். அது நவம்பர் முதல் மார்ச் வரை, தீவனத் திடல்களில் மக்காச்சோளம் போடும் காலத்துக் காட்சி. மற்ற மாதங்களில் ஒவ்வொரு ஜோடியும் சதுப்பில் தனக்கென ஓர் எல்லை பிடித்துக் குஞ்சு வளர்க்கும். செப்டம்பரில் த்சுருயி கிராமத்துத் திடலுக்குப் போனால் வெறும் புல்வெளிதான்.

உங்களுக்குச் சரியான இடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தன்ச்சோ இயற்கைப் பூங்கா. நகரிலிருந்து காரில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். 1958-இல் திறந்தது. 1970-இல் இந்தக் கொக்கின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைத்ததும் இங்கேதான். அழிந்தே போனதாக நினைத்திருந்த பறவை, 1924-இல் குஷிரோ சதுப்பில் சிறு கூட்டமாக மறுபடி தென்பட்டது. இன்று 1,000-க்கு மேல். வேலிக்குள் இருப்பதால் 'காட்டுப் பறவை' பார்த்த திருப்தி வராதுதான். ஆனால் உச்சியில் இருக்கும் சிவப்பு இறகு அல்ல, மொட்டைத் தோல் என்பதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. ஜோடி கூவும்போது கவனியுங்கள்: ஆண் ஒருமுறை நீட்டிக் கூவும், பெண் உடனே இரண்டு குறுங்குரலில் பதில் கொடுக்கும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே பறவை என்றுதான் தோன்றும்.

அதற்கப்பால் போகும் வழியில் மக்காச்சோள வயல், மேய்ச்சல் நிலங்களை நோட்டம் விடுங்கள். ஒரு ஜோடியும் பழுப்புக் குஞ்சும் நிற்க வாய்ப்புண்டு. 8x42 பைனாகுலர் போதும். சாலையை விட்டு வயலில் இறங்கக் கூடாது. பறவை மிரளும் என்பது மட்டுமல்ல, காலணி மண்ணோடு மாட்டு நோய் பண்ணைக்குள் போய்விடும் என்ற பயமும் அங்கே உண்டு.

மைல்கல்:
பயணக் கணக்கைச் சொல்கிறேன். அகான் ஏரி சுமார் 75 கி.மீ., காரில் ஒன்றரை மணி நேரம். குஷிரோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் போனால் ஏறக்குறைய 2 மணி நேரம். பேருந்துகளும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் கப்பலையும் தவறவிட்ட மாதிரிதான். நால்வர் என்பதால் முன்பதிவு செய்த டாக்சியோ வாடகைக் காரோ எடுங்கள். இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். வண்டியும் நம்மைப் போல இடதுபக்கம்தான். மான்கள் குறுக்கே பாயும், அந்தி நேரத்தில் அதிகம்.

பூங்காவும் ஏரியும் 240-ஆம் எண் சாலையின் ஒரே திசையில்தான். 9 மணிக்குக் கிளம்பினால் 9.45-க்குப் பூங்கா, 10.30-க்குப் புறப்பாடு, 11.30 வாக்கில் ஏரி. அங்கிருந்து 2 மணிக்கு எழுந்துவிட்டால் 3.30-க்குத் துறைமுகம். குஷிரோதான் கப்பல் தொடும் முதல் ஜப்பான் துறைமுகம் என்றால் கைரேகை, புகைப்படம் எடுக்கும் வரிசையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாம். அப்படியானால் ஏரியை விட்டுவிடுங்கள்.

அப்போது ஈரநிலம். நகராட்சியின் ஈரநிலப் பார்வை மாடத்துக்கு த்சுருயி பேருந்தில் முக்கால் மணி நேரம், அங்கே 2.5 கி.மீ. மரப்பலகைப் பாதை வட்டமாகத் திரும்பி வரும். ஏறும்போது எண் போட்ட சீட்டை எடுங்கள், முன்னால் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஓடும், இறங்கும்போது சில்லறையாகப் பெட்டியில் போட வேண்டும். சில்லறை மாற்றும் எந்திரம் பெரும்பாலும் 1,000 யென் தாளைத்தான் வாங்கும். 10,000 யென் தாளோடு நின்றால் சிக்கல்.

கப்பல் கிழக்குத் துறையிலா மேற்குத் துறையிலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிழக்கு என்றால் ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். மேற்கு என்றால் வாகனம் இல்லாமல் ஆகாது.

கடலோடி:
நன்றி. அகானில் இரண்டரை மணி நேரத்தில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? சாப்பாடு?

கோத்தான்வாசி:
படகை விடுங்கள். அது மட்டுமே 85 நிமிடம். பாதி நேரம் அதிலேயே போய்விடும். ஐனு கோத்தானில் (கோத்தான் என்றால் கிராமம்) இகோர் என்ற நடன அரங்கு இருக்கிறது. பகல் காட்சி நேரத்தை முன்கூட்டியே பார்த்து, அதைச் சுற்றி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். ஐனு மரபு நடனம் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஐனு மொழியில் இந்தக் கொக்குக்கு 'சதுப்பு நிலத்துத் தெய்வம்' என்று பொருள்படும் பெயர். மேலாடையைத் தலைக்கு மேல் இறக்கைபோல் விரித்து ஆடும் ஆட்டமே உண்டு. காலையில் கொக்கைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

கடைகளில் மரம் செதுக்குபவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். முக்குரி என்ற மூங்கில் வாய்க்கருவியை வாங்கினால், கயிறை எப்படிச் சுண்டி இழுப்பது என்று அங்கேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கப்பலுக்கு வந்தபின் எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது.

நரி பக்கத்தில் வந்தாலும் தொடாதீர்கள், எதுவும் போடாதீர்கள். அங்குள்ள நரிகள் வழியாக எக்கினோகாக்கஸ் புழு பரவும். ஓடைத் தண்ணீரும் வேண்டாம்.

சைவம் கொஞ்சம் கஷ்டம். நூடுல்ஸ் சாறு, மிசோ சூப் எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும். ஐனு உணவான ஓஹாவ் சூப்பிலும் சால்மனோ மான்கறியோதான். கன்வீனியன்ஸ் கடையில் உமே (ஜப்பானியப் பிளம்) ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, அவித்த சர்க்கரைவள்ளி, வாழைப்பழம் வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்பாசி வைத்த சோற்று உருண்டை சைவம்போலத் தெரியும், அதிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். கப்பலிலிருந்து பழமோ இறைச்சி சேர்ந்த பண்டமோ கரைக்கு எடுத்து வராதீர்கள், தடை.




மரிமோ பாசி உருண்டை பாட்டிலில் விற்பார்கள். அது ஏரியில் எடுத்ததல்ல, கையால் உருட்டியது. ஏரியில் இருப்பது 1952 முதல் சிறப்பு இயற்கைச் சின்னம், தொடவே கூடாது.