புதுப்பிப்பு: கையால் போட்ட நம்பிக்கை இடைவெளி ஏன் ஒத்துப்போகவில்லை (விடை கிடைத்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 1908-ல் புள்ளியியலாளர் காசெட் 'ஸ்டூடன்ட்' என்ற பெயரில் எழுதிய கட்டுரையில் வரும் தூக்க மருந்துத் தரவு, 10 பேர், இரண்டு மருந்துகளுக்கும் இடையிலான தூக்க நேர வித்தியாசத்தின் சராசரி 1.58 மணி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 1.23. 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய எல்லை) கையால் போட்டபோது எனக்கு 0.82 முதல் 2.34 வரை வந்தது, ஆர் மென்பொருளோ 0.70 முதல் 2.46 வரை என்றது.

திட்ட விலக்கம் போடும்போது 10-ஆல் அல்லாமல் 9-ஆல் வகுத்தாயா என்று கேட்டிருந்தீர்கள், அதைச் சரியாகத்தான் செய்திருந்தேன். தப்பு, திட்டப் பிழையை (திட்ட விலக்கம் ÷ √10) பெருக்க நான் எடுத்த 1.96-ல், அது இயல்நிலைப் பரவலுக்கான எண். திட்ட விலக்கத்தை அதே பத்து எண்களிலிருந்து எடுத்ததால் டி அட்டவணையில் (சிறிய மாதிரிகளுக்கானது) 9-க்கு (10 − 1) நேரே உள்ள 2.262-ஐப் போடச் சொன்னவர்தான் சரி. திட்டப் பிழை 0.389, பெருக்கினால் 0.88, அதைச் சராசரியிலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் ஆர் சொன்னதோடு அப்படியே பொருந்திவிட்டது. வித்தியாசம் சுழியா என்ற சோதனைக்கு டி மதிப்பு (சராசரி ÷ திட்டப் பிழை) 4.06.

அப்புறம் ஒன்று, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒருவருக்கு மட்டும் 4.6 மணி என்று தனியாக நிற்கிறது, அதை எடுத்துவிட்டால் முடிவு பலவீனமாகும் என்று நினைத்தேன். சராசரி 1.24-ஆகக் குறைந்தது, ஆனால் விலக்கம் 0.66-ஆகச் சுருங்கியதால் டி 5.66-க்கு ஏறிவிட்டது!