லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி:
ஹார்ட் ராக் என்றாலே இங்கிலாந்து ராக் இசைக்குழுவான லெட் செப்பெலின் 1969இல் வெளியிட்ட இந்த ஆல்பத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். கேட்டேன். 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' உடனே பிடித்துவிட்டது. 'யூ ஷுக் மீ' இழுத்துக்கொண்டே போகிறது. அது பழைய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டாமே? அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடியதற்கா இவ்வளவு புகழ்?

பதில்:
நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். அதனால் என் பதில் அங்கிருந்துதான் வரும்.

உங்களுக்குப் பிடித்த அதே பாட்டில் குரலையும் கிட்டாரையும் விட்டுவிட்டு, காலால் பெடலை மிதித்து அடிக்கும் கிக் டிரம்மை மட்டும் கவனியுங்கள். ட்ரிப்லெட்டின் (மூன்று சம அடிகள் கொண்ட தொகுப்பின்) கடைசி இரண்டு அடிகள் தடதடவென்று காலில் விழும். இரண்டு கால்களாலும் மிதிக்கும் இரட்டைப் பெடல் என்றே தோன்றும். குழுவின் டிரம்மர் ஜான் போனம் அதை ஒற்றைப் பெடலில், வலது காலால் வாசித்தார். நான் வாசிக்கும்போது முதல் அடியை லேசாக விட்டு இரண்டாவதை அழுத்தினால்தான் ஓரளவு பிடிபடுகிறது. வேகத்தைக் கூட்டினால் கெண்டைக்கால் இறுகிவிடும்.

அப்புறம் ஒலிப்பதிவு. லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில், 1968 செப்டம்பர், அக்டோபரில், சுமார் 36 மணி நேரத்தில் முடித்த வேலை. செலவு 1,782 பவுண்டு. கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜும் மேனேஜர் பீட்டர் கிராண்டும் கையிலிருந்து போட்ட பணம். பேஜ்தான் தயாரிப்பாளர். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல் தள்ளியும் மைக் வைத்தார். அந்த அறையே சேர்ந்து பதிவானது. டிரம்ஸ் பின்னால் ஒதுங்காமல் கிட்டாருக்குச் சமமாக நிற்பது அதனால்தான். இந்த ஆல்பத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இன்னொரு பதில்:
பாட்டு யாருடையது என்ற கேள்வியையும் தள்ளிவிட வேண்டாம். 'யூ ஷுக் மீ', 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' இரண்டிலும் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் பேரை முறையாகப் போட்டார்கள். ஆனால் இதே ஆல்பத்தில் உள்ள 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டை அமெரிக்கப் பாடகர் ஜேக் ஹோம்ஸ் 1967இலேயே வெளியிட்டிருந்தார். உறையில் பேஜ் பேர் மட்டும்தான் இருந்தது. 2010இல் ஹோம்ஸ் வழக்குப் போட்ட பிறகுதான் அவர் பேரும் ஏறியது. அந்தப் பாட்டில் பேஜ் வயலின் வில்லால் கிட்டாரை இழைக்கும் இடம் எனக்கு உயிர். அதற்காக இதை நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரி, 'யூ ஷுக் மீ'யை எப்படிக் கேட்பது?

முதலில் பதில் சொன்னவர்:
ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடியதை முதலில் கேளுங்கள். பிறகு இதை ஹெட்போனில் போட்டு, கடைசிப் பகுதிக்குக் காத்திருங்கள். குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் ஒரு இழுப்பு இழுக்க, கிட்டார் அதையே திருப்பிச் சொல்லும். அங்கே எதிரொலி ஒலிக்கு முன்னாலேயே வந்துவிடும். டேப்பைத் திருப்பிப் போட்டு எக்கோ சேர்த்த வித்தை அது. முடியாது என்று மறுத்த இன்ஜினியர் கிளின் ஜான்ஸை விடாப்பிடியாகச் செய்யவைத்ததாகப் பேஜ் சொல்லியிருக்கிறார். அது காதில் பட்டுவிட்டால் பாட்டின் நீளம் உங்களை உறுத்தாது.