வன்னியில் எல்லோரையும் புற்றுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டுமா?

பரந்தன் சந்தி:
பெரியப்பாவின் அந்தியேட்டி போன கிழமைதான் முடிந்தது. நாக்கில் புண் என்று ஒரு வருடம் பூச்சு மருந்து பூசிக்கொண்டே இருந்தார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது கழுத்தில் நெறி கட்டிவிட்டது. இனி ஊரில் யாருக்கும் இப்படி நடக்கக் கூடாது. எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காசு தரத் தயார். நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் வயிற்று ஸ்கான், கழுத்து ஸ்கான், இரத்தத்தில் புற்றுநோய்க் குறி பார்ப்பது. ஒரே நாளில் பாடசாலை மண்டபத்தில் முகாம் வைத்து முடித்துவிடலாம். என்ன சொல்கிறீர்கள்?

குளத்தடி:
அண்ணை, துயரத்தில் பங்குகொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பெரியப்பாவுக்கு வந்தது வாயில். நீங்கள் சொன்ன மூன்று சோதனையில் எது வாயைத் திறந்து பார்க்கிறது?

நான் இருபது வருடம் தாதியாக வேலை செய்தவள். எங்கள் ஆட்களுக்கு முதலில் தேவை ஒரு டோர்ச் லைட். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவரின் கன்னத்தை உள்ளே விரித்துப் பார்த்தால் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரியும். சிலருக்கு மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாயே திறக்காது. திருவனந்தபுரத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் இதைத்தான் செய்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005இல் முடிவு வந்தது. பழக்கம் இல்லாதவர்களுக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. எல்லோரையும் பார்ப்பதை விட யாரைப் பார்ப்பது என்பதுதான் விசயம்.

பரந்தன் சந்தி:
கொழும்பில் காசுக்காரன் வருடா வருடம் முழு உடம்பையும் சோதிக்கிறான். வன்னிச் சனத்துக்கு மட்டும் டோர்ச் லைட்டா? எல்லாத்தையும் இழந்து வந்த சனம். கூடத் தேடினால் என்ன நட்டம்? முன்கூட்டிக் கண்டுபிடித்தவர்கள் கூடக் காலம் வாழ்கிறார்கள் என்று கணக்கே இருக்கிறதே.

குளத்தடி:
அந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் இரண்டு பேர் நித்திரையில் போகிறார்கள். ஒருவர் மாங்குளத்தில் விழிக்கிறார், மற்றவர் கிளிநொச்சியில். முதல் ஆள் "நான் கூட நேரம் விழித்திருந்தேன்" என்று சொல்லலாம். பஸ் அவருக்காகப் பிந்திப் போய்ச் சேரவில்லையே. அதனால் நோய் தெரிந்த பிறகு எத்தனை வருடம் இருந்தார் என்று பார்க்கக் கூடாது. மரணம் குறைந்ததா என்று பாருங்கோ.

கழுத்து ஸ்கான் கதையைத் தென் கொரியாவில் கேளுங்கோ. மற்றப் புற்றுநோய்ச் சோதனைக்கு வந்தவர்களுக்குக் கழுத்தில் இருக்கிற தைரொய்ட் சுரப்பியையும் சேர்த்துப் பார்த்தார்கள். 1993ஓடு ஒப்பிட்டால் 2011இல் தைரொய்ட் புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்கள் பதினைந்து மடங்கு. இறந்தவர் தொகை அப்படியே. சும்மா கிடந்திருக்கும் கட்டிக்காகச் சுரப்பியை வெட்டி, ஆயுள் முழுக்க மாத்திரை. சிலருக்குக் குரலும் போனது.

இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். பிரிட்டனில் இரண்டு இலட்சம் பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கானாலோ சூலகப் புற்றுநோய் தேடினார்கள், மற்றப் பாதிக்குத் தேடவில்லை. 2021இல் முடிவு வந்தது: தேடியதால் மரணம் குறையவில்லை.

மல்லாவிக்காரி:
இடையில் வாறேன். எனக்கு 35 வயது. மிட்வைஃப் அக்கா வீட்டுக்கே வந்து சொன்னதால் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் பப் சோதனை 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகவே செய்கிறார்கள். கூச்சத்தை விட்டுப் போனது பெரிதில்லை. ரிப்போர்ட் வர ஐந்து மாதம்! மூன்று முறை ஓட்டோக் காசு கொடுத்துப் போய் வெறுங்கையோடு வந்தேன். சங்கக் காசு இருந்தால் அதைத் தேடித் தர ஒரு ஆளைப் போடுங்கள்.

ஸ்கான் பற்றி ஒன்று: என் இடுப்பில் 2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்றேக்கும் முழுக்கதை சொல்ல வேண்டும். மண்டபத்தில் முன்னூறு பேரோடு நிற்கும்போது யார் கேட்பது?

குளத்தடி:
தங்கச்சி சொல்வதுதான் சரி. மார்பகத்துக்கும் பெரிய யந்திரம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மும்பையில் பயிற்சி பெற்ற பெண்கள் கையால் தொட்டுச் சோதித்தார்கள், ஐம்பது தாண்டிய பெண்களில் மரணம் முப்பது வீதம் அளவில் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பரந்தன் சந்தி:
சரி, இரத்தப் பரிசோதனையை விடுகிறேன். வாய் பார்ப்பதையும் சேர்ப்போம். ஆனால் கழுத்து ஸ்கானை விடமாட்டேன். அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அதை வைத்துத்தான் இந்த யோசனையே வந்தது.

குளத்தடி:
அண்ணை! ஒன்றும் இல்லாதவரைத் தேடிச் சோதிப்பது வேறு. கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் அது வைத்தியரிடம் போக வேண்டிய விசயம். எவ்வளவு நாளாக இருக்கிறது?

பரந்தன் சந்தி:
மூன்று மாதம். முகாம் வைக்கும்போது காட்டலாம் என்று இருந்தேன்.

குளத்தடி:
திங்கள் விடியவே கூட்டிக்கொண்டு போங்கோ. சங்கக் கூட்டத்தைப் பிறகு வைக்கலாம்.