வெயில் ஊரில் வீடு எடுத்தவர்களுக்கு: ஆனிங் வாங்கும் முன் மேற்கு ஜன்னலைப் பாருங்கள்

வெயில் கொளுத்தும் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் கோடையிலேயே கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "ஏசி நாள் முழுக்க ஓடுகிறது, ஹால் மட்டும் குளிரவே மாட்டேன் என்கிறது, நல்ல கனமான திரையாகப் போட்டுவிடலாமா?" போடலாம். கண் கூசுவது குறையும். சூடு பெரிதாகக் குறையாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் பட்டால், திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்தான் விடும். கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுவிடும். ஆனால் சூடேறிய திரையும் சோபாவும் தரையும் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வெளியே போக விடாது. ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிறுத்த வேண்டும். ஜன்னலுக்கு மேல் கான்கிரீட் சன்ஷேடு எதுவும் இல்லாமல் மொட்டையாக நிற்கும் வீடுகளில் அந்த வேலையைச் செய்வதுதான் ஆனிங், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து வெளியே நீட்டி மாட்டும் மறைப்பு.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: சாதாரண இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் விழும் வெயிலில் சுமார் 76 சதவீதம் உள்ளே போய் வெப்பமாகிறது. ஆனிங் போட்டால் கோடையில் உள்ளே வரும் சூரிய வெப்பம் தெற்கு ஜன்னலில் 65 சதவீதம் வரைக்கும், மேற்கு ஜன்னலில் 77 சதவீதம் வரைக்கும் குறையும். இரண்டும் உச்சக் கணக்கு. அளவும் அமைப்பும் சரியாக இருந்தால்தான் அதை நெருங்கும். விற்க வருபவர் இதே எண்ணை வீட்டின் எல்லா ஜன்னலுக்கும் சொன்னால், அவர் இன்னும் திசை பார்க்கவில்லை என்று அர்த்தம்.

திசைதான் இதில் பாதி வேலை. மேலே சொன்ன 'தெற்கு' வட அரைக்கோளத்துக்கு மட்டும். ஆஸ்திரேலியா பக்கம் போனவர்களுக்கு மதிய வெயில் வடக்கிலிருந்து வரும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பாதி அமெரிக்காவுக்காக எழுதியது என்பதால், தெற்கு என்று வரும் இடத்திலெல்லாம் வடக்கு என்று மாற்றிப் படியுங்கள். கிழக்கும் மேற்கும் எங்கே போனாலும் அதேதான். போன் திசைகாட்டியை ஜன்னலருகே பிடித்துப் பார்க்க வேண்டாம், இரும்புச் சட்டம் இருந்தால் தப்பாகக் காட்டும். வரைபடச் செயலியில் வீட்டை மேலிருந்து பார்த்தால் போதும்.

மதிய வெயில் படும் ஜன்னல் சுலபமானது. ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்: மறைப்பு சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறதோ, அதைச் சூரியனின் உயரக் கோணத்தின் (அடிவானத்திலிருந்து அது நிற்கும் கோணம்) டேன்ஜெண்டால் பெருக்கினால், நிழல் எவ்வளவு கீழே இறங்கும் என்பது வந்துவிடும். 33 பாகை அட்சரேகையை எடுத்துக்கொள்வோம். டாலஸ், ஃபீனிக்ஸ், சிட்னி எல்லாம் இதற்குப் பக்கத்தில்தான். அங்கே நடுக்கோடையில் நண்பகல் சூரியன் சுமார் 80 பாகை உயரத்தில் நிற்கும். வெறும் 60 செ.மீ. நீட்டிய மறைப்பு 3 மீட்டருக்கும் மேல் நிழல் தரும், அதாவது ஜன்னல் முழுக்க மறைந்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் 33 பாகைக்கு இறங்கிவிடுவதால் அதே 60 செ.மீ. மறைப்பின் நிழல் 40 செ.மீ.க்கு மேல் வராது; இளவெயில் உள்ளே வந்து அறையை இதமாக்கும். மடக்க வேண்டிய அவசியமே இல்லாத, நிலையான மறைப்புக்கு ஏற்ற இடம் இந்த ஒரு திசைதான்.

ஆனால் கோடைச் சூடு நடுக்கோடையோடு முடிவதில்லை. வட அரைக்கோளத்தில் செப்டம்பர், தென் அரைக்கோளத்தில் மார்ச் வந்தும் ஏசியை அணைக்க முடியாத ஊர்கள் உண்டு. அப்போது அதே 33 பாகையில் நண்பகல் சூரியன் 57 பாகை, 60 செ.மீ. மறைப்பு 92 செ.மீ. வரைக்குமே நிழல் தரும். 120 செ.மீ. உயர ஜன்னலென்றால் கிட்டத்தட்ட 80 செ.மீ. நீட்ட வேண்டியிருக்கும். அளவு கேட்கும்போது நடுக்கோடையை வைத்துச் சொல்கிறார்களா, கோடைக் கடைசியை வைத்துச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். இன்னொன்று, காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் வெயில் பக்கவாட்டில் நுழையும். அதனால் ஜன்னல் அகலத்துக்கே சரியாக வெட்டிய ஆனிங் போதாது. இரண்டு பக்கமும் கொஞ்சம் தாண்டி இருக்க வேண்டும், அல்லது பக்கத் துணி வைத்த மாதிரி வேண்டும்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் போல நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் பாதி வருஷம் வடக்கேயும் பாதி வருஷம் தெற்கேயும் சாய்ந்து போகும், ஆனால் உச்சி நேரத்தில் எப்போதும் ஏறக்குறைய தலைக்கு மேலேதான். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்குக் கூரையின் நீட்டமே பெரும்பாலும் போதும். அங்கே மொத்தப் பிரச்சினையும் கிழக்கு மேற்கில்.

இப்போது மேற்கு. பணம் ஒரு ஜன்னலுக்குத்தான் இருக்கிறது என்றால் இதற்கே செலவழியுங்கள். வெளியே காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடேறி இருக்கும் நேரத்தில் இந்த வெயில் நேராக உள்ளே அடிக்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் ஊர்களில் இது ராத்திரிச் சமையல் நேரம் வரை நீளும். சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, ஜன்னலுக்கு மேல் படுக்கையாக நீட்டிய 60 செ.மீ. மறைப்பு வெறும் 35 செ.மீ. நிழல்தான் தரும். 120 செ.மீ. ஜன்னலை முழுக்க மறைக்க 2 மீட்டருக்கும் மேல் நீட்ட வேண்டும். அது ஜன்னல் மறைப்பில்லை, பந்தல். வீட்டு முகப்பில் அழகுக்கு மாட்டிய சின்னக் குடை மாதிரி ஆனிங்குகள் மேற்கில் உதவாமல் போவது இதனால்தான்.

அங்கே வேண்டியது கீழே சாய்ந்து இறங்கும் மறைப்பு. அதே 60 செ.மீ. நீட்டம், முன் விளிம்பு மட்டும் 50 செ.மீ. கீழே இறங்கியிருந்தால் நிழல் 85 செ.மீ. ஆகிவிடும். இறங்கு கை ஆனிங் என்ற வகை இதற்காகவே இருக்கிறது: இரண்டு பக்கமும் ஒரு கை, நேரத்துக்கு ஏற்ப சாய்வை மாற்றிக்கொள்ளலாம், குளிர்காலத்தில் மேலே சுருட்டிவிடலாம். அதுவும் போதாத இடத்தில், ஜன்னலின் இரு பக்கமும் தடம் வைத்து நேர் கீழே இறங்கும் வெளிப்புற மெஷ் திரை. பார்க்க ஆனிங் போல அழகில்லை, வேலை கெட்டிக்காரத்தனமாகச் செய்யும். 5 சதவீதத் திறப்புள்ள (பரப்பில் 5 சதவீதம் மட்டும் துளையாக இருக்கும்) மெஷ் என்றால் வெயிலில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும், தோட்டமும் ஓரளவு தெரியும். கிழக்கு ஜன்னலுக்கும் இதே கணக்குதான், ஆனால் காலையில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் அவசரம் குறைவு.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லை. பெரிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, மாலை நாலரை மணி வாக்கில் ஒருவர் வெளியே ஜன்னலுக்கு மேல் நீங்கள் நினைக்கிற அளவுக்கு நீட்டிப் பிடிக்கட்டும். நிழல் கண்ணாடியில் எதுவரை இறங்குகிறது என்று இன்னொருவர் பென்சிலால் குறிக்கட்டும். பிறகு அட்டையைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விற்பனை அட்டவணைகளைவிட இது நம்பகமானது.

துணி விஷயத்தில் நீளமாகப் பேச வேண்டியதில்லை. நூலாக நூற்பதற்கு முன்பே நிறம் ஏற்றிய அக்ரிலிக் துணி வெயிலில் சீக்கிரம் வெளுக்காது, காற்றும் கொஞ்சம் போய்வரும். பிவிசி பூசிய பாலியெஸ்டர் மழையை முழுக்கத் தடுக்கும், ஆனால் சூடான காற்றை அடியில் பிடித்து வைக்கும். எதுவானாலும் நெருக்கமான நெசவாக, வெளிர் நிறமாக இருந்தால் வெப்பத்தை அதிகம் திருப்பி அனுப்பும். அடர் நிறம் கண் கூச்சத்தைக் குறைக்கும், சூடும் ஏறும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகடு மழைக்கு நல்லது. வெயிலுக்கு அதை வாங்கிவிட்டு அறை குளிரவில்லை என்று சொல்லிப் பயனில்லை. மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே சூடான காற்று வெளியேற இடைவெளியோ துளைகளோ இருக்க வேண்டும். இதைச் சொல்ல யாரும் நினைப்பதில்லை, நீங்களே கேளுங்கள். கடலோரம் என்றால் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டமும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் கேளுங்கள்.

சுவர் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கத்து வீடுகள் பலவற்றில் வெளியே தெரியும் செங்கல் ஒரு மெல்லிய மேலுறைதான்; பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். செங்கல்தானே என்று ட்ரில் போட்டு, காற்றில் இழுபடும் ஆனிங்கை அதில் மாட்டினால் ஒருநாள் சுவரோடு பிய்த்துக்கொண்டு வரும். நுரைப்பலகை மேல் பூசிய சுவர் என்றால் நிலைமை இன்னும் மோசம். மரச்சட்டத்தைத் தேடிப் பிடித்து அதில் திருகி, துளையைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி அடைக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். பெரிய ஆனிங் என்றால் நாமே மாட்டிக்கொள்ளலாம் என்ற ஆசையைக் கைவிட்டுவிடுங்கள்.

காற்றுக்கு ஐரோப்பியத் தரநிலை இஎன் 13561-ல் வகுப்புகள் உண்டு. 2-ஆம் வகுப்பு என்றால் மணிக்கு 38 கி.மீ. வரையிலான காற்றைத் தாங்கும், 3-ஆம் வகுப்பு 49 கி.மீ. வரை. அதற்கு மேல் போனால் மடக்கிவிட வேண்டும். வேலைக்குப் போய்விடும் வீடாக இருந்தால் மோட்டாரும் காற்று உணரியும் ஆடம்பரமில்லை. மோட்டார் வாங்கினால், மின்சாரம் போன சமயத்தில் கையால் சுழற்றி மடக்க வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், கேள்வி கேட்டிருந்தவர்களுக்கு:

வாடகை வீட்டில் ஆனிங் போடலாமா என்று கேட்ட தம்பிக்கு: சுவரில் ஒரு துளை போடுவதாக இருந்தாலும் வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் விதியும் உண்டு. நிறம்கூட அவர்கள் சொல்வதாக இருக்கலாம். துளையே வேண்டாம் என்றால் ஜன்னல் சட்டத்துக்கு வெளிப்பக்கம் செருகும் மெஷ் சட்டம் கிடைக்கும், போகும்போது கழற்றிக்கொள்ளலாம். அலுமினியத் தாளை உள்பக்கம் கண்ணாடியில் ஒட்டும் யோசனையை விடுங்கள். இரட்டைக் கண்ணாடி சமச்சீரில்லாமல் சூடேறி விரிசல் விட வாய்ப்பிருக்கிறது, அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கும் என்று எழுதிய அக்காவுக்கு: அப்படியானால் நேர் கீழே இறங்கும் திரை ஒத்துவராது, கதவு இடிக்கும். முழுக்கத் திறந்த நிலையில் கதவின் மேல் மூலை எங்கே வருகிறது என்று அளந்து, அதற்கு மேலே நிற்கும்படி ஆனிங் போடுங்கள். படுக்கையறை ஜன்னல் அவசரத்தில் வெளியேறும் வழியாகவும் கணக்கில் வரலாம். உள்ளிருந்து கையால் திறக்க முடியாத எதையும் அங்கே மாட்ட வேண்டாம்.

ஈரத் துணியைச் சுருட்டலாமா என்பதற்கு: புயல் காற்று வந்தால் ஈரத்தோடு சுருட்டித்தான் ஆக வேண்டும், ஆனால் காற்று நின்றதும் விரித்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கழுவ மென்மையான பிரஷ்ஷும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும்.

புது வீடு வாங்குபவருக்கு: முதலில் ஜன்னல் கண்ணாடியின் ஸ்டிக்கரையோ கட்டுநரின் பட்டியலையோ பாருங்கள். எஸ்எச்ஜிசி என்று ஒரு எண் இருக்கும், வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதைச் சொல்லும். 0.25 என்றிருந்தால் கால் பங்குதான் வருகிறது, ஆனிங்கால் கிடைக்கும் கூடுதல் லாபம் குறைவு. 0.6, 0.7 என்றிருந்தால் மேற்குப் பக்கத்து ஜன்னல்களை அளந்து எழுதி வையுங்கள், கோடை தொடங்குவதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடலாம்.