நாட்சுடன் குடித்தனம்: மலைமேல் இருப்பவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்

லேப்டாப் திரையின் உச்சியில், நட்டநடு நெற்றியில், கேமராவுக்காக விட்டிருக்கும் கறுப்பு வெட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். நாட்சுள்ள கணினியோடு ஓராண்டாவது குடித்தனம் நடத்தியவர்கள் எழுதுங்கள். கடையில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வந்தவர்களின் கருத்து வேண்டாம். அந்த வகைக் கருத்து என்னிடமே நிறைய இருந்தது.

முதலில் என் கதை. 2023இல் சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பினேன். கையோடு எம்2 சில்லு கொண்ட 13.6 அங்குல மேக்புக் ஏர் ஒன்றும் வந்தது. பெட்டியைத் திறந்த அன்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "திருஷ்டிப் பொட்டு வைத்தே கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டார். முதல் இரண்டு நாள் கண் அங்கேயே போய் முட்டியது. மூன்றாம் நாள் குறைந்தது. ஒரு வாரத்தில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்தேன். மறந்ததுதான் வினையாகிவிட்டது.

அதற்கு முன் ஒரு கணக்கு. இந்தத் திரையில் மேலிருந்து கீழாக 1664 வரிகள், குறுக்கே 2560 புள்ளிகள். வழக்கமான 16:10 திரையாக இருந்தால் 1600 வரிகளோடு முடிந்திருக்கும். மீதி 64 வரிகள் நாட்சின் இருபுறமும் மேலேறி நிற்கின்றன. மெனு பட்டை அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக, நம் திரையிலிருந்து யாரும் எதையும் வெட்டி எடுக்கவில்லை. காய்கறிக்காரர் கொசுறாகப் போட்ட கொத்தமல்லியில் நடுவில் நான்கு காம்பு வாடியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படித்தான் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கொசுறு இடத்தில் நான் எதையெல்லாம் குடியேற்றினேன் என்று பாருங்கள். கடிகாரம், பேட்டரி, வைஃபை போக, தமிழ் விசைப்பலகையின் குறி, அகராதி, வேலை நேரத்தைக் கணக்கிடும் செயலி, கோப்புகளை இணையச் சேமிப்புக்கு ஏற்றும் செயலி, இன்னும் பெயர் மறந்துபோன நான்கைந்து. இவை வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக வரிசை கட்டும். நாட்ச் வரை வந்ததும் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போகாது. இடமில்லாத குறி காணாமல் போகும். "உனக்கு இடமில்லை" என்று ஒரு வார்த்தையும் வராது.

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மரம் சாய்ந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை. கைபேசியின் இணைப்பில் வேலை பார்த்தேன். டேட்டா தீர்ந்துவிடக் கூடாதென்று கோப்பேற்றும் செயலியை நானே நிறுத்தி வைத்தேன். மின்சாரம் வந்ததும் மறுபடி ஓட விட வேண்டும். விடவில்லை. நிறுத்தியிருக்கிறது என்று நினைவூட்ட வேண்டிய குறியோ நாட்சின் பின்னால்.

இதில் இன்னொரு நுணுக்கம். நான் நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பது பக்க வடிவமைப்பு மென்பொருள். அதன் மெனுச் சொற்கள் ஏராளம். இடப்பக்கத்தில் அடங்காமல் நாட்சைத் தாண்டி வலப்பக்கத்திலும் கொஞ்சம் இடம் பிடிக்கும். அப்போது இன்னும் நாலு குறிகள் மறையும். மெனு குறைவான வேறு மென்பொருளுக்குப் போனால் அவை திரும்பி வரும். ஒரே குறி காலையில் இருக்கும், மதியம் இருக்காது. பதினோராம் நாள் ஏதோ கோப்பைத் தேடப் போனபோதுதான் கோப்பேற்றும் செயலியின் குறியான மேகப் படத்தின் மேல், நிறுத்தியிருப்பதைக் காட்டும் இரண்டு கோடுகள் கண்ணில் பட்டன. அதற்குள் சென்னையில் எடிட்டர் என் பழைய வரைவின் மூன்று அத்தியாயங்களைத் திருத்தி முடித்திருந்தார். நான் இங்கே அதே மூன்றையும் புதிதாக எழுதியிருந்தேன். இரண்டு இரவு தொலைபேசியில் வரிக்கு வரி ஒப்பிட்டோம். அவர் நல்லவர், என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

உங்கள் திரையில் எது ஒளிந்துகொண்டது?

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மணி, உங்கள் அம்மா சொன்ன பொட்டு சரிதான். ஆனால் எனக்கு அது குகை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை மலை ரயிலுக்கு 16 குகைகள். பதினேழாவது என் வீட்டு மேசையில் இருக்கிறது. அம்புக்குறியை மேலே கொண்டுபோனால் இந்தப் பக்கம் நுழைந்து காணாமல் போய் அந்தப் பக்கம் வெளியே வருகிறது. முதல் நாள் பேரனும் நானும் அரை மணி நேரம் இதையே விளையாடினோம். பேரன் கூவென்று ஊதியும் காட்டினான்.

என்னுடையது மகன் கழித்துக் கொடுத்த 14 அங்குல மேக்புக் புரோ. 2021 அக்டோபரில் நாட்சோடு முதன்முதலில் வந்த வரிசை. இவ்வளவு அகலமாக இடம் எடுத்திருக்கிறதே, ஐபோன் போல முகத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும் என்று நினைத்து ஒரு வாரம் அதன் முன்னால் விறைப்பாக உட்கார்ந்து பார்த்தேன். அந்த வசதி அதில் இல்லை, விரல்தான் வைக்க வேண்டும் என்று மகன் பிறகு சொன்னான்.

வேடிக்கை இனிமேல்தான். இரண்டு குறிகள் மறைந்துவிட்டன என்று மகனுக்குக் காட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "அப்பா, படத்தில் நாட்சே இல்லையே, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே" என்றான். பார்த்தால் உண்மைதான். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வெட்டு விழுவதே இல்லை. அந்த இடமும் பின்னணிப் படத்தால் நிரம்பி முழுசாக வருகிறது. முப்பது வருடம் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டவன் நான். இப்போது ஆதாரமில்லாமல் புகார் சொன்னவன் ஆகிவிட்டேன். கடைசியில் கைபேசியில் திரையைப் படமெடுத்து அனுப்பி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

உதகை, புகைப்படக்காரர்

சார், ஸ்கிரீன்ஷாட் அடி எனக்கும் விழுந்திருக்கிறது.

என் தொழிலில் நாட்ச் தொல்லை தருமா தராதா என்பது படத்தின் நிறத்தைப் பொறுத்தது. கல்யாண வரவேற்பு, இரவுக் கச்சேரி என்றால் நாட்ச் எங்கே என்று தேட வேண்டும். தொட்டபெட்டாவில் விடியற்காலைப் பனிமூட்டம் எடுத்துவந்து திறந்தால், திரை முழுக்கச் சாம்பல் வெள்ளை, அதன் உச்சியில் வண்டு உட்கார்ந்த மாதிரி அது மட்டும். இதற்கு நான் கண்ட வழி எளிது. பின்னணிப் படத்தின் மேல் ஓரத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். மெனு பட்டை முழுவதும் கறுப்பாகிவிட, வெட்டு அதில் கரைந்துவிட்டது. படம் திருத்தும்போது முழுத்திரைக்குப் போய்விடுவேன். அப்போது கணினியே அந்த மேல் வரியைக் கறுப்பாக்கிக்கொள்ளும்.

ஆனால் இந்த வித்தை எல்லா மாடலிலும் ஒரே மாதிரி எடுபடாது. என்னிடம் புரோவும் உண்டு, தம்பியிடம் ஏரும் உண்டு. புரோவில் மினி எல்இடி, அதாவது திரைக்குப் பின்னால் நிறையக் குட்டி விளக்குகள்; கறுப்பான பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் அணைந்துவிடும். ஏரில் பின்னொளி திரை முழுவதற்கும் ஒன்றுதான். விளக்கை அணைத்துவிட்டு அறையில் உட்கார்ந்தால் அந்தக் கறுப்பு லேசாகச் சாம்பல் பூத்துத் தெரியும், நாட்ச் மட்டும் தனிக் கறுப்பாக நிற்கும். பகலில் வித்தியாசம் தெரியாது.

அக்கா, உங்கள் குறிகளுக்கு வருகிறேன். கமாண்ட் விசையை அழுத்திக்கொண்டு குறியைப் பிடித்து இழுத்தால் வரிசை மாறும். முக்கியமானதை வலது ஓரத்துக்கு இழுத்து வையுங்கள். அங்கே இருப்பதை நாட்ச் தொடாது. மீதியை மடக்கி வைக்க 'ஐஸ்' என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. உதகைக் குளிரில் ஐஸா என்று கேட்காதீர்கள், கேட்டாகிவிட்டது.

கொடைக்கானல், வீட்டிலிருந்து பாடம் நடத்துபவர்

என் கதையில் குறி எதுவும் ஒளியவில்லை. நானேதான் ஒன்றை ஒளித்தேன்.

இணைய வகுப்பு முடிந்தபின் கேமரா நம்மையே பார்க்கிறது என்ற எண்ணம் எனக்குத் தொந்தரவாக இருந்தது. நகர்த்தி மூடும் பிளாஸ்டிக் மூடியை ஒட்டலாமா என்று பார்த்தேன். மூடியோடு மேக்புக்கை மூடினால் திரை சேதமாகலாம் என்று ஆப்பிளே 2020இல் எச்சரித்திருக்கிறது; திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி. சரியென்று மகளின் நோட்டுப் புத்தகத்தில் இருந்த மெல்லிய ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து நாட்சை முழுவதுமாக மூடினேன். சூரியகாந்திப் பூப் படம். அழகாகவே இருந்தது.

மறுநாளிலிருந்து திரை மங்கியது. வெளிச்சத்தைக் கூட்டினால் சற்று நேரத்தில் தானாக இறங்கியது. மார்கழி மாதம், ஜன்னலுக்கு வெளியே பகல் பதினோரு மணிக்கும் மேகம். இருட்டால் அப்படித் தோன்றுகிறதென்று நான்கு நாள் சமாளித்தேன். பிறகு திரை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் வகுப்பை ரத்து செய்து, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டும்வரை மனதுக்குள் செலவுக் கணக்குத்தான்.

கடையில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். லேப்டாப்பைத் திறந்தான், பூவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நகத்தால் ஸ்டிக்கரை உரித்தான். திரை பளிச்சென்று எழுந்தது. அறை வெளிச்சத்தை அளக்கும் உணரியும் அந்த நாட்சுக்குள்தான் இருக்கிறதாம். நான் அதை இருட்டறையில் பூட்டிவைத்துவிட்டு, இருட்டுக்கு ஏற்றபடி திரை மங்குகிறதே என்று பயந்திருக்கிறேன். காசு வாங்க மறுத்துவிட்டான். "கேமரா ஓடினால் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும், அதைப் பாருங்கள் அக்கா" என்று மட்டும் சொன்னான். அரை நாள் பயணம், ஒரு ஸ்டிக்கர்.

இதை வகுப்பில் சொன்னபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன், "மிஸ், அது சூரியப்புள்ளி மாதிரி, கறுப்பாக இருந்தாலும் உள்ளே நிறைய நடக்கும்" என்றான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இந்தத் தொல்லை உண்டு. சூரியப்புள்ளியைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டது இங்குள்ள ஆய்வகத்தில்தான் என்று பள்ளியில் அழைத்துப் போய்க் காட்டிவிடுகிறார்கள். அதன்பின் எதைப் பார்த்தாலும் சூரியப்புள்ளிதான்.

கூடலூர், கணக்கர்

ஓராண்டுக் குடித்தனம் எனக்கு இல்லை, ஆனாலும் எழுதுகிறேன், மன்னிக்கவும். என் பழைய லேப்டாப்பில் திரையைச் சுற்றி ஓரமே இல்லாத அழகு. கேமராவைக் கொண்டுபோய்த் திரைக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஜூலை மழை நாளில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தணிக்கைக் கூட்டம், நான் வீட்டிலிருந்து காணொளியில். எதிரில் இருந்தவர்களுக்கு என் மூக்குத் துவாரம் இரண்டும் முழுசாகத் தெரிந்திருக்கிறது. தட்டச்சு செய்தால் விரல்கள் வாழைத்தார் அளவுக்கு. கூட்டம் முடிந்து ஒருவர் தனியாக அழைத்து, "சளி பிடித்திருக்கிறதா?" என்று விசாரித்தார்.

இப்போது வைத்திருப்பதில் கேமராவுக்காக மூடியின் விளிம்பு வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது. திரைக்குள் வெட்டு இல்லை. துருத்தலைப் பிடித்து மூடியைத் திறக்கவும் சௌகரியம். பார்க்க மட்டும் கொஞ்சம் கோணல். மூக்கைக் காட்டாத எந்த ஏற்பாட்டுக்கும் என் ஓட்டு உண்டு.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்

உதகைத் தம்பி சொன்னபடி கமாண்டை அழுத்தி இழுத்துவிட்டேன். மேகக் குறி இப்போது கடிகாரத்தின் அருகே, கண்ணெதிரே. பெயர் தெரியாதவற்றை நீக்கியதில் பன்னிரண்டு குறிகள் ஏழாகின. நேரக் கணக்குச் செயலியையும் கண்டுபிடித்தேன். அது ஆகஸ்டிலிருந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது; அதன்படி நான் ஒரே சிறுகதையை மூன்று மாதம் இரவு பகலாக மொழிபெயர்த்திருக்கிறேன். பதிப்பகத்துக்குப் பில் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

நானும் இழுத்துப் பார்த்தேன் அம்மணி. எனக்கும் ஒரு மேகம் வெளியே வந்தது. மகன் எப்போதோ போட்டுக் கொடுத்ததாக இருக்கும், என் படங்களெல்லாம் தானாக ஏறிக்கொள்ளும் என்று சொன்ன நினைவு. அதன் மேல் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி இருக்கிறது. இது நல்லதா, கெட்டதா?