மஸ்டாங்கா, ஃபார்ச்சூனரா? வாங்கி ஓட்டினவங்க மட்டும் சொல்லுங்க

வேளச்சேரி:

ரொம்ப நாளா மண்டையைக் குடையுது. நல்லா பராமரிச்ச பழைய மஸ்டாங் ஜிடி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். அந்தப் பணத்துக்கு ஃபார்ச்சூனர் எடுக்கலாமேன்னு வீட்டுல சொல்றாங்க. நான், மனைவி, ரெண்டு வயசுப் பையன், முழங்கால் வலியோட அம்மா. ரெண்டு வண்டி வெச்சுக்க வசதியும் இல்லை, நிறுத்த இடமும் இல்லை. யூடியூப் பார்த்துட்டு ஆலோசனை சொல்றவங்க தயவுசெய்து வேண்டாம். மஸ்டாங் மாதிரி ரெண்டு கதவு கூபேயோ, ஃபார்ச்சூனர் மாதிரி எஸ்யூவியோ, வருஷக்கணக்கா குடும்பத்தோட ஓட்டினவங்க சொல்லுங்க.

கோவை:

ப்ரோ, 2016-ல இந்தியாவுக்கு வந்த அதே மஸ்டாங் என்கிட்ட இருந்துச்சு. கம்பெனியே வலதுபக்க ஸ்டியரிங் வெச்சுச் செஞ்ச முதல் தலைமுறை அதுதான். 5 லிட்டர் வி8 இன்ஜின், எட்டு சிலிண்டர். காலையில ஸ்டார்ட் பண்ணினா தெருவே முழிச்சுக்கும். எதிர்வீட்டுத் தாத்தா ஆரம்பத்துல வாசல்ல நின்னு ரசிச்சார், அப்புறம் வாக்கிங் நேரத்தையே மாத்திக்கிட்டார்.

எல்லாரும் முதல்ல கேக்கறது ஸ்பீட் பிரேக்கர் பத்தித்தான். விதிப்படி போட்டா அது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அதுல மஸ்டாங் வயிறு தட்டவே தட்டாது. ஊர்க்காரங்களே தார் கொட்டிப் போட்டுக்கிற குட்டிச்சுவர் மாதிரி மேடு இருக்கு பாருங்க, அங்கதான் கதை. வண்டியைச் சாய்ச்சு, ஒவ்வொரு டயரா ஏத்தி இறக்கணும். பின்னாடி ஆள் இருந்தா இறங்கச் சொல்லணும். பின்னாடி பைக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான்.

வால்பாறைக்கு ஒரு தடவை எடுத்துட்டுப் போனேன். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. வண்டி அகலம் 1.9 மீட்டருக்கு மேல, பானெட் வேற நீட்டிக்கிட்டு நிக்கும், முனை எங்க முடியுதுன்னே தெரியாது. மேல இருந்து அரசு பஸ் இறங்குச்சு. டிரைவர் ஜன்னல் வழியா கையைக் காட்டி, "ரிவர்ஸ்ல வாங்க, இன்னும், இன்னும், போதும்"னு எனக்கே ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அத்தனை வளைவுலயும் 8 சிலிண்டர்ல பாதிக்குக்கூட வேலை இல்லை. ஆனா ஞாயிறு விடியக்காலை, பெருந்துறை தாண்டி காலி ரோடு கிடைக்கும்போது... அதை எழுதிப் புரியவைக்க முடியாது, விடுங்க.

இன்னொண்ணு. கூபே சின்ன வண்டி, பார்க்கிங் ஈசின்னு நினைக்காதீங்க. மஸ்டாங் நீளம் 4,784 மி.மீ., ஃபார்ச்சூனர் 4,795. வித்தியாசம் ஒரு விரல் அளவுதான். அகலத்துல மஸ்டாங்தான் பெருசு.

எனக்கு அந்த வண்டி ஒத்துவந்ததுக்குக் காரணம், ஷெட்ல அப்பாவோட இன்னோவா எப்பவும் நின்னுச்சு. அதை மறைச்சுட்டு "தினசரிக்கு ஓகே"ன்னு உங்களுக்குச் சொன்னா அது பொய்.

திருச்சி:

இதுவரைக்கும் டிரைவர் சீட்டுக்காரங்களே பேசறீங்க. நான் பின்னாடி உட்கார்ந்தவ. எங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின ரெண்டு கதவு வண்டியில குழந்தை பிறந்தப்புறமும் காலம் தள்ளினோம்.

கதவு ரெண்டுதான்ங்கிறது ஷோரூம்ல பெருசாத் தெரியாது. தூங்கற குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, முன் சீட் லீவரை ஒரு கையால இழுத்து, சீட்டை மடக்கி, குனிஞ்சு ஒரு காலை உள்ள வெச்சு, குழந்தை தலை மேல இடிக்காம சைல்டு சீட்ல கிடத்தணும். கல்யாண வீட்டுக்குப் போறப்ப பட்டுப்புடவைக் கொசுவம் பெல்ட் கொக்கியில மாட்டும். ரெண்டு கதவு வண்டிக்குக் கதவு நீளம் வேற ஜாஸ்தி. மால் பார்க்கிங்ல பக்கத்து வண்டி ஒட்டி நின்னா பாதிகூடத் திறக்காது. அவர் முதல்ல வண்டியை வழியில கொண்டுவந்து நிறுத்துவார், நாங்க ஏறுவோம், பின்னாடி வரிசை கட்டி ஹாரன். முன் சீட் யாருக்குன்னு சண்டையே இல்லை, மாமியாருக்குத்தான். குழந்தையோட பின்னாடி மடங்கிக் கிடந்தது எப்பவும் நான்.

அழகை விடுங்க, பாதுகாப்பையும் பாருங்க. வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு அஞ்சு ஸ்டார் வரைக்கும் கொடுக்கற ஐரோப்பிய அமைப்பு யூரோ என்கேப், மஸ்டாங்குக்கு 2017 ஜனவரியில கொடுத்தது 2 ஸ்டார். பின் சீட் பெல்ட்டுல மோதும்போது இறுக்கிப் பிடிக்கற ப்ரிடென்ஷனர் இல்லைங்கிறதும் ஒரு குறையா சொன்னாங்க. அப்புறம் அதே வருஷம் திருத்தின வண்டிக்கு 3 ஸ்டார் வந்துச்சு. நீங்க பார்த்திருக்கிறது எந்த வருஷ வண்டின்னு ஆர்சியில பாருங்க.

அதுக்காக எஸ்யூவி எடுத்தா நிம்மதின்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்து ஏழு சீட்டர் வாங்கினோம். மூணாவது வரிசையில உட்கார்ந்தா முழங்கால் தாடையில இடிக்கும், அதை விரிச்சா பெட்டி வைக்க இடமில்லை. மாமியாருக்கு ஏறவே முடியலை. ஃபுட்போர்டு மாட்டினோம், மழையில வழுக்குச்சு. கடைசியில பாத்திரக்கடையில ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கி டிக்கியில போட்டோம். அவங்க ஏறினதும் யாராவது ஞாபகமா அதை எடுத்து உள்ள போடணும். ஒரு வெள்ளிக்கிழமை சமயபுரத்துலயே விட்டுட்டு வந்துட்டோம், வீட்டு வாசல்ல அவங்களை இறக்கறதுக்கு அக்கம்பக்கத்துல நாற்காலி கேட்டு வாங்கினோம்!

முட்டி வலிக்காரங்களுக்கு சீட் அவங்க இடுப்பு உயரத்துல இருக்கணும். தாழ்வா இருந்தா விழுந்து எழுந்திருக்கணும், உயரமா இருந்தா ஏறணும். உங்க அம்மாவை நேர்ல உட்காரவெச்சுப் பாருங்க தம்பி. இந்த விஷயத்துல குதிரைசக்தி எத்தனைன்னு யாருக்கும் வேண்டாம்.

ஸ்கார்பரோ:

இஞ்ச கனடாவில கதை வேற. நான் முந்தி மஸ்டாங் ஓடினனான், இப்ப எஸ்யூவி. பின்சில்லு இழுவை, பனிக்குள்ள சறுக்கும் எண்டு எல்லாரும் வெருட்டுவினம். நல்ல ஸ்நோ டயர் போட்டு, காலை மெதுவா வைச்சா ஓடலாம். கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரைக்கும் அந்த டயர் கட்டாயம். ஒன்டாரியோவில எங்கட விருப்பம், போட்டா இன்சூரன்சில கொஞ்சம் குறைப்பினம்.

எனக்குத் தலையிடி எஸ்யூவியாலதான். இஞ்ச கள்ளருக்கு ஸ்போர்ட்ஸ் கார் தேவையில்லை. 2023-இல கனடாவில ஆகக்கூடக் களவுபோன வாகனம் டொயோட்டா ஹைலாண்டர் எண்ட எஸ்யூவி. கொண்டெய்னருக்குள்ள ஏத்தி மொன்றியல் துறைமுகத்தால வெளிநாட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள். பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள் காலமை எழும்பிப் பாக்க, பனியில டயர்த் தடம் மட்டும் கிடந்தது. வீட்டுக்குள்ள கிடக்கிற கார்த் திறப்பின்ர (சாவியின்ர) சிக்னலை வெளியில நிண்டே பிடிச்சுப்போடுவாங்கள். அதால நான் திறப்பைத் தகரப் பேணிக்குள்ளதான் போடுறனான், ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டு. குடும்ப வாகனம் எண்டு நிம்மதியா நித்திரை கொள்ளேலாது.

சிங்கப்பூர்:

எங்களுக்கு இந்தக் குழப்பத்துக்கே வழியில்லை. 1600 சிசிக்கு மேல போனா கூபேயோ எஸ்யூவியோ ரெண்டுக்கும் ஒரே பி பிரிவு சிஓஇ, அதாவது கார் வெச்சுக்க வாங்கவேண்டிய அனுமதித் தாள். 2023-ல அந்த 10 வருஷத் தாளுக்கு மட்டுமே 1 லட்சம் வெள்ளிக்கு மேல. 1.35 மீட்டர் உயரம் வர்ற வரைக்கும் பிள்ளைக்கு அதுக்கேத்த சீட் கட்டாயம். அதனால எஸ்யூவி. கூபே ஆசை ஆபீஸ் பார்க்கிங்ல பார்க்கிறதோட சரி.

வேளச்சேரி:

திருச்சி அக்கா சொன்னபடி அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். மஸ்டாங் முன் சீட்ல ஜம்முனு உட்கார்ந்துட்டாங்க. இறங்கறப்ப ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கவேண்டியதாப் போச்சு. ஃபார்ச்சூனர்ல கைப்பிடியைப் பிடிச்சு ஏறினாங்க, "தினமும் இப்படியாடா?"ன்னு கேட்டாங்க. அவங்க எந்த வம்பும் இல்லாம ஏறி இறங்கினது, கூட வந்த நண்பனோட செடான்ல. மனைவி ஒண்ணும் சொல்லலை, சிரிச்சாங்க. எனக்கு இன்னும் மஸ்டாங் மேல கண்ணு இருக்கு, மழையை நினைச்சாத்தான் யோசனை.

பள்ளிக்கரணை:

நான் ஒர்க்‌ஷாப்ல இருக்கேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் முடிஞ்சு எங்ககிட்ட வந்த வண்டியில எஸ்யூவியும் நிறைய. உயரமா இருக்குன்னு தைரியமா தண்ணிக்குள்ள இறக்கறவங்க அவங்கதான். இன்ஜினுக்குக் காத்து போற ஏர் இன்டேக் வரைக்கும் தண்ணி ஏறிட்டா எந்த இன்ஜினும் குடிச்சிடும். நின்ன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா கனெக்டிங் ராடு வளையும். இன்சூரன்ஸ்ல தனியா இன்ஜின் புரொடெக்ட் எடுக்கலைன்னா அந்த கிளெய்ம் கிடைக்கறது கஷ்டம். தாழ்வான வண்டிக்காரங்களுக்குப் பயம் இருக்கு. 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் உங்க ஏரியா மேம்பாலத்துல வரிசையா நின்ன வண்டிங்களை நீங்களே பார்த்திருப்பீங்க.

மஸ்டாங்தான்னு முடிவு பண்ணினா, இதை மட்டும் செய்ங்க சார். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் வெளிய இழுங்க. சீட்டைக் கழுவி பாலிஷ் போட்டிருப்பாங்க, சுருளுக்குள்ள இருக்கிற கடைசி முழ பெல்ட்டை யாரும் துடைக்க மாட்டாங்க. வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா அங்க சேத்துக்கோடு தெரியும். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில துருவும் பாருங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காம கிளம்பிடுங்க.