பிளேட்டிங் லைனில் ரோபோ கை: எங்கே உதவுகிறது, எங்கே சறுக்குகிறது

பொருள்களைத் தொட்டி தொட்டியாக முக்கி நிக்கல்-குரோம் முலாம் பூசும் லைனுக்கு ஆறு அச்சு ரோபோ கை வாங்கும்போது எல்லாரும் அது தூக்கும் எடையைத்தான் கேட்கிறார்கள். கை தொட்டிக்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஜிக்கை (பொருள்களை மாட்டும் சட்டம்) மெதுவாகத் தூக்கி 10–15 விநாடி பிடித்தால், ஒட்டி வரும் கரைசலில் பெரும்பங்கு தொட்டிக்கே திரும்பிவிடும். ஹாய்ஸ்ட் (மேலிருந்து தூக்கும் இயந்திரம்) நேராகத்தான் தூக்கும். கை சாய்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டையும் ஒரு மூலை வழியாக வடிக்கும். இறக்கும்போதும் சாய்த்தே இறக்குங்கள். ஒருபக்கம் அடைத்த துளை வாய் கீழே பார்த்து மூழ்கினால் காற்று சிக்கிக்கொள்ளும், அங்கே முலாம் ஏறாது.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் சூடான டீகிரீசிங் தொட்டியில் மட்டும் இப்படி நிறுத்தாதீர்கள். காரம் காய்ந்து படலமாகிவிட்டால் அலசினாலும் போகாது, முலாம் உரியும்.

———

மேலே சொன்ன நேரக் கணக்கோடு இதையும் சேருங்கள். வாட்ஸ் நிக்கலில் (பரவலாகப் பயன்படும் நிக்கல் முலாம் கரைசல்) டெசிமீட்டர் சதுரத்துக்கு 4 ஆம்பியர் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 0.8 மைக்ரான் முலாம் ஏறும், 10 மைக்ரானுக்கு 12–13 நிமிடம். அங்கே ஒரு நிமிடம் தாமதமானால் கொஞ்சம் நிக்கல்தான் வீண். முலாமுக்கு முன் ஆசிட்டில் முக்கும் ஆசிட் டிப்பில் ஒரு நிமிடம் கூடினால் பரப்பு அரித்துவிடும், கடின எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்குப் போகும். எனவே புரோகிராமில் ஆசிட்டுக்கே முதல் உரிமை. காத்திருப்பு முழுவதும் நிக்கல் தொட்டியில் விழட்டும். நிக்கலிலிருந்து குரோமுக்குப் போகும் வழியிலும் தாமதம் கூடாது. நிக்கல் பரப்பு செயலிழந்தால் குரோம் பால்போல மங்கும்.

கை நடுவில் நின்றுவிட்டால் ஜிக்கை ஆசிட்டிலிருந்து கையால் தூக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

———

மின்சாரப் பக்கம்: ஜிக்கை அதன் காது பதியும்படி, மின்சாரம் தரும் பாரின் V தாங்கியில் வைத்துவிட்டுக் கை விலகட்டும், பிறகு ரெக்டிஃபயர் (நேர்மின்சாரம் தரும் கருவி) ஏறட்டும். பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தாகவேண்டும் என்றால் கிரிப்பருக்கும் கைக்கும் நடுவே காப்புத் தட்டு போடுங்கள். போல்ட்டுக்கும் காப்புக் குழல் வேண்டும். அதை விட்டுவிட்டால் தட்டு போட்டும் பயனில்லை.

தாங்கியில் 1 மில்லி ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியரில் 0.2 வோல்ட் இழப்பு, 40 வாட் சூடு. அதே ஆம்பியருக்கு வழக்கத்தைவிட வோல்ட் ஏறினால் முதலில் தாங்கியைத் துடைத்துப் பாருங்கள்.

———

ரோபோவில் குறிப்பிடும் ஐபி 67 பாதுகாப்புத் தரம் தூசிக்கும் தண்ணீருக்கும்தான், ஆசிட் ஆவிக்கு அல்ல. உறை போட்டு, உள்ளே உலர்ந்த காற்றை லேசான அழுத்தத்தில் ஓடவிடுங்கள். ஓய்வு நிலை எந்தத் தொட்டிக்கு மேலும் இருக்கவேண்டாம். முதலில் பழுதாவது பெரும்பாலும் மோட்டார் இல்லை, கேபிள் கனெக்டர்தான்.

கை திடீரென்று தாங்கியைத் தவறவிட்டால் உடனே புரோகிராமில் பதிந்த இடப் புள்ளிகளைத் திருத்தாதீர்கள். ஜிக் கொக்கியில் நிக்கல் ஏறித் தடித்திருக்கும். அதை உரித்தபின் சரிபாருங்கள். பழைய புள்ளியே பெரும்பாலும் பொருந்தும்.